திடமும் அன்று, திரவமும் அன்று

பொருள்களின் நிலைகள் எத்தனை என்று பள்ளிச் சிறுவர் எவரை நிறுத்திக் கேட்டாலும், 'மூன்று' என்னும் விடை தயக்கமின்றி வரும். திடம், திரவம், வாயு என்று விரல் மடக்கி எண்ணியும் காட்டுவர். கல் திடம், நீர் திரவம், காற்று வாயு. இவ்விடை பிழையானது அன்று. ஏறக்குறைய 35 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற நானும் இதனையே கற்பித்தேன். மீண்டும் வகுப்பறைக்குள் நுழைய நேர்ந்தாலும் இதிலிருந்துதான் தொடங்குவேன். எனினும், இது பாடத்தின் முதல் வரியே அன்றி முடிவுரை அன்று. இம்மூன்று பெட்டிகளுள் எதிலும் ஒழுங்காக அடங்காத பொருள்கள் உலகில் உண்டு. அவற்றுட் சில நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன; சில வானத்தில் இருக்கின்றன; சிலவற்றை மனிதன் ஆய்வுக்கூடத்தில் அரிதின் முயன்று உண்டாக்கியிருக்கிறான். அவற்றைப் பற்றி, அறிவியலுக்குப் புதியவரும் விளங்கிக்கொள்ளும் வகையில் சில சொல்ல விரும்புகிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குப் புகட்டப்பட்ட முதல் நெறி. ஆகவே, எல்லாருக்கும் தெரிந்த தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். பனிக்கட்டி, நீர், நீராவி ஆகிய மூன்றும் ஒரே பொருள்தான். மூன்றிலும் இருப்பவை ஒரே வகையான நுண்ணிய மூலக்கூறுகளே. வேறுபடுவது அம்மூலக்கூறுகளின் நடத்தை மட்டுமே. ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். காலை வழிபாட்டு நேரத்தில் மாணவர்கள் வரிசை வரிசையாக, அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். கையைக் காலை ஆட்டுவார்களேயன்றி இடம் பெயர்வதில்லை. இது திடத்திற்கு ஒப்பு. இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் அவர்கள் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டும் நழுவிக்கொண்டும் இருப்பார்கள். கூட்டம் கலைவதில்லை, வரிசையும் இல்லை. இது திரவத்திற்கு ஒப்பு. மாலையில் கடைசி மணி அடித்தவுடன் மைதானமெங்கும் சிதறி ஓடுகிறார்களே, அது வாயுவுக்கு ஒப்பு.

மூலக்கூறுகளை இவ்வாறு ஆட்டுவிப்பவை இரண்டு. ஒன்று, அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும் கவர்ச்சி. மற்றொன்று, வெப்பத்தால் உண்டாகும் துடிப்பு. கவர்ச்சி ஓங்கினால் பொருள் உறைகிறது. துடிப்பு ஓங்கினால் ஆவியாகிறது. இரண்டும் சமன்பட்டு நிற்கும் இடைப்பகுதியில் திரவமாக ஓடுகிறது. இந்த இழுபறியை மனத்தில் இருத்திக்கொண்டால் இனி வருவன யாவும் எளிதில் விளங்கும். மூன்று என்பது இயற்கை விதித்த எல்லை அன்று. நம் அன்றாட வாழ்வின் சூட்டிலும் குளிரிலும் இந்த இழுபறி பெரும்பாலும் எய்தும் முடிவுகளின் எண்ணிக்கையே. சூட்டை மிகுதியாக ஏற்றினால் என்ன ஆகும்? குளிரை மிகுதியாக்கினால் என்ன ஆகும்? மூலக்கூறின் வடிவமே விந்தையாக இருந்தால் என்ன ஆகும்? இவ்வினாக்கள் நம்மைப் புதிய நிலைகளுக்கு அழைத்துச் செல்கின்றன.

முதலில் சூட்டைப் பார்ப்போம். வாயுவை மேலும் மேலும் சூடாக்கினால் மூலக்கூறுகள் மோதி உடைந்து அணுக்களாகப் பிரிகின்றன. இன்னும் சூடேறினால் அணுவின் வெளிப்புறத்தில் உள்ள எலெக்ட்ரான்களும் பிய்த்துக்கொண்டு வெளியேறுகின்றன. எலெக்ட்ரானை இழந்த அணுவுக்கு அயனி என்று பெயர். அயனிகளும் தனித்த எலெக்ட்ரான்களும் கலந்து அலையும் இந்தக் கலவையே பிளாஸ்மா. சாதாரணக் காற்று மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. பிளாஸ்மா நன்கு கடத்தும். காந்தம் அதனை வளைக்கும். பிரிந்த எலெக்ட்ரான்கள் மீண்டும் அணுவோடு சேரும்போதும், துடிப்பேறிய அணுக்கள் அமைதியடையும்போதும் ஒளி பிறக்கும். காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழாய்களில் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்த வில்லியம் குரூக்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், பொருளுக்கு நான்காவது நிலை ஒன்று உண்டு என்று 1879ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். அதற்குப் பிளாஸ்மா என்னும் பெயரை 1928இல் சூட்டியவர் அமெரிக்க அறிஞர் இர்விங் லாங்மியூர். இரத்தத்தின் நீர்ப்பகுதிக்கும் இதே பெயர் வழங்குகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புதல் கூடாது.

கதிரவன் ஒரு மாபெரும் பிளாஸ்மா உருண்டை. விண்மீன்களும் அத்தகையனவே. எனவே, வானில் நம் கண்ணுக்குப் புலனாகும் பொருளிற் பெரும்பகுதி இந்நிலையில்தான் இருக்கிறது. நாம் நிற்கும் திடமான நிலமும் குடிக்கும் நீருமே பேரண்டத்தில் அருமையானவை! மின்னல் வெட்டும் ஒரு கணத்தில் அதன் பாதையில் உள்ள காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் வரை சூடேறிப் பிளாஸ்மாவாகிறது. அது கதிரவனின் மேற்பரப்பைக் காட்டிலும் பன்மடங்கு மிகுந்த சூடு. நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் எரிந்த குழல் விளக்கின் உள்ளேயும் பாதரச ஆவி பிளாஸ்மா நிலையில்தான் இருக்கும்.

இத்துறையில் நம் நாட்டவர் ஒருவரின் பெயர் நிலைத்திருக்கிறது. டாக்காவை அடுத்த ஒரு சிற்றூரில் 1893இல் பிறந்த மேகநாத் சாகா, எவ்வளவு சூட்டிலும் அழுத்தத்திலும் அணுக்களுள் எத்தனை பங்கு எலெக்ட்ரான்களை இழந்து நிற்கும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டினை 1920இல் வெளியிட்டார். அதனைத் துணைக்கொண்டு, விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்த்தே அதன் சூட்டை மதிப்பிடும் வழி பிறந்தது.

பிளாஸ்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், 'விளக்கின் சுடர் எந்த நிலை?' என்று ஏதேனும் ஒரு பிள்ளை கேட்காமல் இராது. மிக நல்ல கேள்வி. அகல்விளக்கின் சுடரில் இருப்பது பெரும்பாலும் சூடேறிய வாயுவே. நமக்குத் தெரியும் மஞ்சள் ஒளி, அவ்வாயுவில் மிதக்கும் நுண்ணிய கரித்துகள்கள் சூட்டினால் ஒளிர்வதால் வருவது. சுடரின் மேல் ஒரு குளிர்ந்த தட்டைச் சிறிது நேரம் காட்டினால் அத்துகள்கள் கரியாகப் படிவதைக் காணலாம். மையிடுவதற்கு நம் வீட்டுப் பெண்டிர் காலங்காலமாகச் செய்துவந்த செயல்தான் இது. சுடரில் அயனிகள் சிறிதளவு உண்டு. ஆயினும் அதனை மின்னலைப் போன்ற முழுமையான பிளாஸ்மா என்று சொல்லிவிட இயலாது. முன்னோர் ஐம்பூதங்களுள் தீயையும் ஒன்றாக எண்ணினர் என்பதைக் கொண்டு, அவர்கள் பிளாஸ்மாவை அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவதும் பொருந்தாது. அவர்கள் கண்ணாற் கண்டதை வகைப்படுத்தினர். நாம் கருவியாற் கண்டதை வகைப்படுத்துகிறோம். வகைப்படுத்தும் ஆர்வம் மட்டுமே இருவர்க்கும் பொது.

இனி, திடத்திற்கும் திரவத்திற்கும் இடையே உள்ள வேலியைப் பார்ப்போம். கீல் என்றொரு கரும்பொருள் உண்டு. தார் வகையைச் சேர்ந்த அது, மரக்கலங்களின் இடுக்குகளை அடைக்கப் பயன்பட்டது. சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போலச் சிதறும். அதைத் திடம் என்று எவரும் சொல்வர். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துக் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த தாமஸ் பார்னெல், அது திடம் அன்று என்பதைத் தம் மாணவர்க்குக் காட்ட விரும்பினார். 1927இல் கீலை உருக்கி, அடிப்புறம் மூடிய ஒரு கண்ணாடிப் புனலில் ஊற்றினார். அது நன்கு படிவதற்கு மூன்றாண்டு விட்டு, 1930இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். கீல் மிக மிக மெதுவாக இறங்கத் தொடங்கியது. முதல் துளி 1938இல் விழுந்தது. 2014ஆம் ஆண்டுவரை விழுந்தவை ஒன்பது துளிகளே. பார்னெல் மறைந்த பின்னர், 1961 முதல் இச்சோதனையைக் காத்துவந்தவர் ஜான் மெயின்ஸ்டோன். 1988இல் அவர் குடிப்பதற்கு ஏதேனும் வாங்கிவரச் சற்றே வெளியே சென்ற வேளையில் ஒரு துளி விழுந்துவிட்டது. 2000இல் விழுந்த துளியைப் படம் பிடிக்க வைத்திருந்த கருவி அந்நேரம் பார்த்துப் பழுதாயிற்று. 2013இல் அவர் காலமானார். அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தும், ஒரு துளியேனும் விழும் கணத்தைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் அவர் காத்தது வீண்போகவில்லை. கீல், தண்ணீரைக் காட்டிலும் பல்லாயிரம் கோடி மடங்கு இறுகிய ஒரு திரவமே என்பதற்கு அப்புனல் இன்றும் சான்றாக நிற்கிறது.

கண்ணாடியும் இவ்வேலியின் அருகில் நிற்கும் பொருளே. உப்பிலும் சர்க்கரையிலும் அணுக்களோ மூலக்கூறுகளோ வரிசை தவறாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவ்வடுக்கையே படிகம் என்கிறோம். கண்ணாடியில் அத்தகைய வரிசை இல்லை. குழாயடியில் நெருக்கிக்கொண்டிருந்த மாணவர்களை, 'அப்படியே நில்லுங்கள்!' என்று அதட்டி நிறுத்தினால் எப்படி நிற்பார்களோ, அப்படி நிற்கின்றன அதன் அணுக்கள். ஐரோப்பியப் பழைய மாதாகோயில்களின் சன்னல் கண்ணாடிகள் சில அடிப்புறத்தில் தடித்திருப்பதைக் காட்டி, கண்ணாடி காலப்போக்கில் வழிந்து இறங்கிவிட்டது என்று கூறுவதுண்டு. அது மெய்யன்று. அக்காலத்துத் தொழில்முறையில் கண்ணாடித் தகடுகள் சீரான தடிப்போடு அமையவில்லை என்பதே காரணம். கண்ணாடி ஒழுங்கற்ற திடம். ஓடும் திரவம் அன்று.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் கார்ன்ஃபிளவர் என்று விற்கப்படும் மக்காச்சோள மாவை இரண்டு பங்கு எடுத்து, ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். கரண்டியை மெல்ல விட்டால் கூழைப் போல் வழிவிடும். கையை மடக்கி ஓங்கிக் குத்தினால் கல்லைப் போல் தடுக்கும். மெல்ல அசைக்கும்போது மாவுத்துகள்களுக்கு இடையே நீர் நழுவ நேரம் கிடைக்கிறது. திடீரென்று அழுத்தும்போது துகள்கள் ஒன்றோடொன்று முட்டிப் பின்னிக்கொள்கின்றன. இது ஒரு கலவையின் நடத்தையே. பொருளின் புதிய நிலை என்று இதனை எண்ணுவதில்லை. ஆனால், 'ஓடுவது திரவம், ஓடாதது திடம்' என்று ஒரே வரியில் இலக்கணம் வகுக்க இயலாது என்பதைக் குழந்தைக்கு உணர்த்த இதைவிட நல்ல கருவி இல்லை.

அடுத்து, மூலக்கூறின் வடிவத்தால் விளையும் விந்தை. பிராக் நகரில் இருந்த பிரீட்ரிக் ரைனிட்சர் ஒரு தாவர ஆராய்ச்சியாளர். 1888இல் அவர், கொலஸ்டிராலிலிருந்து பெறப்பட்ட ஒரு வெண்பொருளைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். 145.5 பாகையில் அது உருகியது. ஆனால் தெளியாமல் கலங்கலாகவே இருந்தது. 178.5 பாகை வந்ததும் திடுமெனத் தெளிந்தது. ஒரு பொருளுக்கு உருகுநிலை ஒன்றுதானே இருக்க வேண்டும்? மருந்தில் கலப்படம் என்று ஒதுக்கிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. இயற்பியல் வல்லுநர் ஆட்டோ லேமன் என்பாருக்கு எழுதி, அப்பொருளையும் அனுப்பி வைத்தார். இருவர் ஆராய்ச்சியாலும் தெரியவந்ததே திரவப் படிகம். இதன் மூலக்கூறுகள் குச்சிகளைப் போல் நீண்டவை. ஆற்றில் மிதந்துவரும் மூங்கில் கழிகள் இடம் மாறிக்கொண்டே வந்தாலும், ஒரே திசை நோக்கிக் கிடக்கின்றன அல்லவா? அவ்வாறே இம்மூலக்கூறுகளும் திரவத்தைப் போல் நகர்கின்றன. படிகத்தைப் போல் திசை தவறாதிருக்கின்றன. சிறிதளவு மின்னழுத்தம் கொடுத்தால் அவை திசை திரும்பி, ஒளியை விடவும் தடுக்கவும் செய்கின்றன. கைக்கணக்குப் பொறியின் எண்களும், தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றின் திரையும் இவ்வகையில் இயங்குவனவே. குச்சி வடிவம் மட்டுமன்றித் தட்டு வடிவ மூலக்கூறுகளும், நாணயங்களை அடுக்கினாற்போல் நின்று திரவப் படிகம் ஆகக்கூடும் என்பதை 1977இல் கண்டறிந்து வெளியிட்டவர்கள், பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். சந்திரசேகரும் அவருடைய உடனாய்வாளர்களும் ஆவர்.

இனி, குளிரின் பக்கம் செல்வோம். வெப்பத்திற்கு மேல்வரம்பு சொல்வது கடினம். குளிருக்குக் கீழ்வரம்பு உண்டு. சுழிக்குக் கீழ் 273.15 பாகை செல்சியஸ் என்பதே அது. அதனைத் தனிச்சுழி என்பர். ஹீலியம் என்னும் வாயுவைத் திரவமாக்குவதற்கே அதன் அருகில் செல்ல வேண்டியிருந்தது. ஹீலியத்தின் வரலாற்றில் நம் பக்கத்து ஊர் ஒன்றுக்கும் இடம் உண்டு. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பிரெஞ்சு வானியலார் ஜான்சென், அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்து, கதிரவனின் விளிம்பொளியை ஆராய்ந்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்யர், கதிரவன் ஒளியில் கண்ட மஞ்சள் கோடு ஒன்று அதுவரை அறியப்படாத தனிமத்தினுடையது என்று துணிந்தார். அதே தனிமத்தை 1895இல் வில்லியம் ராம்சே பூமியிலும் கண்டார். நெதர்லாந்தின் லைடன் நகரில் கமர்லிங் ஆன்ஸ் 1908இல் அதனைச் சுழிக்குக் கீழ் 269 பாகையில் திரவமாக்கினார். இன்னும் இரண்டு பாகை குளிர்ந்தால், அத்திரவம் வேறொன்றாக மாறுகிறது என்பதை 1937இல் மாஸ்கோவில் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் ஆலன், மைஸ்னர் ஆகிய இருவரும் கண்டனர். அந்நிலையில் அதற்கு உராய்வு என்பதே இல்லை. மயிரிழையினும் நுண்ணிய துளைகள் வழியாகவும் தடையின்றி ஓடும். திறந்த கிண்ணத்தில் வைத்தால், மெல்லிய படலமாகச் சுவரின் மேலேறி வெளியே வழிந்துவிடும். இதற்கு மீப்பாய்மம் என்று பெயர். இது வெறும் வேடிக்கையன்று. ஜெனீவாவுக்கு அருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்துள்ள துகள் மோதற்பொறியின் காந்தங்கள் இன்று இம்மீப்பாய்மத்தாலேயே குளிர்விக்கப்படுகின்றன.

குளிரின் உச்சத்தில் நிற்பது, நம் நாட்டு ஆசிரியர் ஒருவரின் பெயர் தாங்கிய நிலை. மேகநாத் சாகாவின் கல்லூரித் தோழர் சத்யேந்திரநாத் போஸ், டாக்காப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒளியின் வெப்பக் கதிர்வீச்சுக்கு அந்நாளில் வழங்கிய விளக்கம் அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஒளித்துகள்களை ஒன்றினின்று ஒன்று வேறு பிரித்தறிய இயலாதனவாகக் கொண்டு எண்ணும் புதிய முறை ஒன்றை அவர் வகுத்து, 1924 ஜூன் மாதத்தில் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அக்கட்டுரையைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். பின்னர் அம்முறையை அணுக்களுக்கும் விரித்து, மிகுந்த குளிரில் அணுக்கள் யாவும் ஒரே கீழ்நிலையில் சென்று ஒடுங்கும் என்று கணித்தார். ஒரே சுருதியில் பாடும் குழுவில் தனிக்குரலைப் பிரித்தறிய இயலாதது போல, அந்நிலையில் பல்லாயிரம் அணுக்களும் ஒரே அலையாக நடந்துகொள்ளும். கணிப்பு வெளிவந்து எழுபது ஆண்டுகள் கழிந்த பின், 1995இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எரிக் கார்னெலும் கார்ல் வைமனும் ஏறத்தாழ 2,000 ரூபிடிய அணுக்களை அந்நிலைக்குக் கொண்டுவந்தனர். ஒரு பாகையை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் 170 கூறு மட்டுமே தனிச்சுழிக்கு மேலிருந்தது அதன் சூடு! அவர்களுக்கும், சோடிய அணுக்களைக் கொண்டு அதே ஆண்டு அதனை நிகழ்த்திய வோல்ப்காங் கெட்டர்லேக்கும் 2001இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. போஸ் 1974இலேயே காலமாகிவிட்டார். போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருள் என்று உலகம் அதனை வழங்குகிறது.

இவ்வளவும் கேட்ட பிறகு, 'அப்படியானால் சிறுவர்க்கு எத்தனை நிலை என்று சொல்லிக் கொடுப்பது?' என்று பெற்றோரும் ஆசிரியரும் வினவக்கூடும். எட்டாம் வகுப்பு விடைத்தாள்களை ஆசிரியர் பலர் ஒருங்கிருந்து திருத்திய ஒரு நாள் என் நினைவுக்கு வருகிறது. 'பொருளின் நிலைகள் எத்தனை?' என்பது ஒரு மதிப்பெண் வினா. ஒரு மாணவி, 'பாடநூலின்படி மூன்று. பிளாஸ்மாவையும் சேர்த்தால் நான்கு' என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் மூன்று என்றே இருந்ததால், தாளைத் திருத்தியவர் அதனைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். மூன்று என்னும் விடை அவ்வரியில் முழுமையாக இருக்கிறதே என்று நான் வாதாடினேன். குறிப்பை மீறினால் ஒழுங்கு என்னாவது என்று அவர் மறுத்தார். அரைமணி நேரம் பேசிய பின் அம்மதிப்பெண் அவளுக்குக் கிடைத்தது. ஆனால், வாதாட ஆளில்லாத எத்தனை தாள்கள் அவ்வாறு அடிக்கப்பட்டிருக்கும்! ஒரு மதிப்பெண் போனால் போகட்டும். தேடிப் படித்தது குற்றம் என்று ஒரு குழந்தையின் மனத்தில் பதிந்துவிடுமாயின், அவ்விழப்பை எந்தத் தேர்வும் ஈடுசெய்யாது.

ரைனிட்சர் தம் கலங்கலான திரவத்தைக் கொட்டிவிட்டிருந்தால், பார்னெல் கீலைத் திடம் என்றே சொல்லி நகர்ந்திருந்தால், போஸ் நூலில் உள்ளபடியே ஒப்பித்திருந்தால், நாம் இன்று பேசியவற்றுட் பல நமக்குக் கிட்டியிரா. அவர்கள் மூவரும், பெட்டியில் அடங்காத பொருளைக் கண்டபோது பொருளைத் தூக்கி எறியவில்லை. பெட்டியை மீண்டும் பார்த்தனர்.

ஆகவே, சிறுவர்க்கு மூன்று என்றே தொடங்குங்கள். ஆனால், 'நம் கண்முன் பெரும்பாலும் காணப்படுபவை மூன்று' என்று சொல்லுங்கள். 'பெரும்பாலும்' என்னும் அந்த ஒரு சொல் போதும். மற்றவை நுழைவதற்குக் கதவு திறந்தே இருக்கும். அக்கதவின் வழியே ஒரு பிள்ளை கேள்வியோடு வருமானால், விடை தெரிந்தால் கூறுங்கள். தெரியாவிட்டால் அக்கேள்வியைக் கரும்பலகையின் ஒரு மூலையில் எழுதி வைத்து, அழிக்காமல் விட்டுவையுங்கள். ஒரு வாரத்தில் விடை வரலாம், ஓராண்டும் ஆகலாம். கீலின் ஒரு துளி விழுவதற்கு எட்டாண்டு, பத்தாண்டு காத்திருந்தவர்களும் ஆசிரியர்களே.